சரிவு எண் எட்டு

அடுத்தவன் காட்டைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் உண்டு. அடுத்தவன் மாட்டைப் பார்த்து, மருமகளைப் பார்த்து எரிந்தவர்களும் உண்டு. அடுத்தவனுடைய மண்சரிவைப் பார்த்து வயிறு எரிந்தவர் சேர்வராயன் மலையிலேயே செம்மநத்தம் மாதேஸ்வரன் ஒருவர்தான். அவருக்கு அப்படி ஒரு குணம் பிறவியிலேயே இருந்ததாகச் சொல்ல முடியாது. அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொடுத்தது.

மாதேஸ்வரனுக்குச் செம்மநத்தத்தின் கீழ்க்காட்டில் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம். காப்பிப் பழத்தின் தோலை உரிக்க பெரிய எஸ்டேட்டுகளில் பல்பர் மெஷின் உண்டு. சின்ன விவசாயிக்கு இரண்டு கைதான் மெஷின். அவர் ஒரு பழைய சைக்கிளைப் பிரித்துப் போட்டு, சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தால் கொட்டை ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமும் விழுகிற மாதிரி ஒரு பல்பர் செய்தார். ஊரே வந்து மிதித்துப் பார்த்துவிட்டுப் போனது. அப்படி வந்து மிதித்தவர்களில் மேல்க்காட்டுத் தேவசிகாமணியும் ஒருவர். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மாதா கோயிலில் முன்வரிசையில் நிற்கிறவர், இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிறவர். அவர் மிதித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிப் போனார். நாற்பது நாள் கழித்து அவர் வீட்டில் ஒரு பல்பர் ஓடியது. சைக்கிள் இல்லை, தையல் மெஷினின் கால்மிதி. மற்றபடி தாயும் பிள்ளையும் போல ஒரே ஜாடை.

அன்றிலிருந்து மாதேஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. மலையில் ஓடுகிற ஒவ்வொரு பல்பரிலும் ஒரு தகரத் துண்டு பதித்திருக்க வேண்டும், அதில் 'செய்தவர்: மாதேஸ்வரன், செம்மநத்தம்' என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பேட்டண்ட் வாங்க வேண்டும் என்று யாரோ சொல்ல, எழுபத்தெட்டாம் வருஷம் நவம்பர் பதினாலாம் தேதி முதல் காகிதத்தைப் பதிவு செய்தார். விஷயம் தெரிந்து தேவசிகாமணி பதினாறாம் தேதி பதிவு செய்தார். ஒரு வருஷத்துக்குள் படத்தோடும் முழு விவரத்தோடும் இரண்டாம் காகிதம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் முதல் காகிதம் செத்தது. இரண்டு நாள் முந்தியவன் நான் என்று மாதேஸ்வரன் அந்த வருஷம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

இரண்டாம் காகிதத்தை எழுதி, படம் வரைந்து, மூன்று பிரதி எடுப்பதற்குள் அடுத்த நவம்பர் வந்துவிட்டது. பதினோராம் தேதி மழை கொட்டியது. மலை இரண்டு இடத்தில் சரிந்து ரோட்டில் உட்கார்ந்தது. ஒன்று மேல்க்காட்டுக்கும் கீழ்க்காட்டுக்கும் நடுவில். மற்றொன்று கீழ்க்காட்டுக்குக் கீழே, மாதேஸ்வரன் வீட்டுக்கு எதிரில் இருக்கும் வளைவில்.

கீழ்க்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வழி அடைபட்டால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து நிற்க வேண்டும். யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஊர்த் தலைவர் முனியப்பன் தப்பட்டை அடிக்கச் சொன்னால் போதும். பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு என மூன்று நாள் மாதேஸ்வரன் எல்லாருக்கும் முன்னால் நின்று பேய்போல அள்ளினார். பதினாலோடு கெடு முடிகிறதே. அள்ளின மண் முழுவதும் ரோட்டோரத்தில் இருந்த குப்பாயியின் அவரைக்காட்டில் போய் விழுந்தது. குப்பாயி ஊர் முழுக்கச் சபித்தாள். பதினைந்தாம் தேதி காலையில் பஸ் வந்தது. மத்தியானம் மாதேஸ்வரன் சேலத்தில் இருந்தார்.

மேல்க்காட்டில் யாரும் மண்ணைத் தொடவில்லை. அங்கே ரோடு டிபார்ட்மெண்ட் ரோடு, டிபார்ட்மெண்ட் வந்து எடுக்கட்டும் என்று எஸ்டேட் மேனேஜர் சொல்லிவிட்டார்.

மழை, புயல், வெள்ளத்தால் கெடு தவறியவர்களின் மனுவைக் கவனிக்க சேலத்தில் ஓர் அலுவலகம் இருந்தது. அவசரகாலக் காலநீட்டிப்புத் தனிப்பிரிவு என்று பெயர். முந்தின வருஷப் புயலுக்காகத் திறந்தது. திறப்பு விழா மழையால் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. தனி அலுவலர் பாலசுப்பிரமணியம் நல்ல மனிதர். எதிரில் நிற்கிறவரை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் இல்லை என்பார்.

"உட்காருங்கள். உங்களுக்கு நீட்டிப்பு இல்லை" என்றார்.

"ஏனுங்க?"

"வர முடியாதவர்களுக்குத்தான் நீட்டிப்பு. நீங்கள் வந்திருக்கிறீர்கள்."

"நேத்துதானுங்க கடைசி நாளு. நேத்து வர முடியலீங்க. ரோட்டுல மண்ணுங்க."

"நேற்று வர முடியவில்லை என்றால் அதை நேற்றே வந்து தெரிவித்திருக்க வேண்டும். விதி அதுதான்."

மாதேஸ்வரன் இந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் பிடித்தாலும் அது வழுக்கியது. பாலசுப்பிரமணியம் அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு விளக்கம் சொன்னார்.

"கஷ்டத்தில் இருப்பவனுக்கு நேரம் வேண்டும் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும். அந்த நேரத்தைக் கொடுக்கலாமா என்று யோசிக்க எங்களுக்கும் நேரம் வேண்டும் இல்லையா? இந்தப் பிரிவை மூன்று மாதத்துக்குத்தான் திறந்தார்கள். வேலை முடியவில்லை. ஐந்து முறை எங்களை நீட்டித்திருக்கிறார்கள். ஒரு முறைகூட எங்களிடம் சான்று கேட்டதில்லை. அதுதான் நம்பிக்கை. நீங்கள் மண் சரிந்ததற்குச் சாலைப் பிரிவில் சான்று வாங்கி வாருங்கள்."

ஏற்காட்டில் சாலைப் பிரிவு ஆய்வாளர் தங்கராஜ் பதிவேட்டைப் புரட்டினார். மேல்க்காட்டுச் சரிவு இருந்தது, எண் ஏழு. கீழ்க்காட்டுச் சரிவு இல்லை.

"மூணு நாளு ஊரே சேந்து அள்ளினோமுங்க" என்றார் மாதேஸ்வரன்.

"அதாங்க தப்பு. எத்தனை லோடு அள்ளினோம்னு இங்க ஒரு கட்டம் இருக்குது பாருங்க. அது காலியா இருந்தா சரிவே இல்லீன்னு அர்த்தம். டிபார்ட்மெண்ட் அள்ளாத மண்ணு சரிவுல சேராதுங்க. அது ஊரு சுத்தம்."

"அப்ப அந்த மண்ணு எங்கிருந்துங்க வந்துச்சு?"

"அதை நானு எப்படிச் சொல்றதுங்க? நானு வந்து பாத்தப்ப ரோடு பளிச்சுன்னு இருந்துச்சு." தங்கராஜும் நல்லவர்தான். இவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. நவம்பர் பன்னிரண்டு முதல் பதினாலு வரை கீழ்க்காட்டு மக்கள் சாலையைச் சிறப்பாகச் சுத்தம் செய்தார்கள் என்று பாராட்டி ஒரு சான்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

ஒன்றுமில்லாததற்கு இதாவது இருக்கட்டும் என்று மாதேஸ்வரன் அதைச் சேலத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். பாலசுப்பிரமணியம் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். படித்து முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. குறிப்பிட்ட மூன்று நாளும் சாலை சுத்தமாக இருந்ததாக அரசுத் துறையே சான்றளித்துள்ளபடியால் மனு நிராகரிக்கப்படுகிறது என்று அந்த இடத்திலேயே எழுதினார். அந்த அலுவலகத்தில் ஒரே நாளில் முடிந்த கோப்பு அது ஒன்றுதான் என்று பியூன் பிற்பாடு பெருமையாகச் சொன்னார்.

படியிறங்கும்போது எதிரே தேவசிகாமணி ஏறி வந்தார். சலவைச் சட்டை, கையில் பை, செருப்பில் மட்டும் மண். மேல்க்காட்டுச் சரிவைக் காலால் ஏறிக் கடந்து, இந்தப் பக்கம் நின்ற பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். தன்னால் சரிவைக் கடந்து வர முடியவில்லை என்று மனுக் கொடுக்கத்தான் வந்திருந்தார்.

அவருக்கு நீட்டிப்புக் கிடைத்தது. சரிவு எண் ஏழு இன்னும் அள்ளப்படவில்லை, ஆகவே அவர் ஊர் இன்னும் அடைபட்டிருக்கிறது, ஆகவே அவர் இன்னும் வரவில்லை என்று பாலசுப்பிரமணியம் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லி, டிசம்பர் இருபது வரை கெடுவைத் தள்ளிக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: அன்று மெஷினையும் நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

அதற்குப் பிறகுதான் மாதேஸ்வரன் அந்தச் சரிவைப் பார்க்கப் போக ஆரம்பித்தார். தினமும் காலையில் பழம் பறிக்கும் கூடையோடு கிளம்புவார், கால் தானாக மேல்க்காட்டு வழியில் போகும். சரிவு எண் ஏழு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி. தார் டின் ஒன்றில் சுண்ணாம்பால் 7 என்று எழுதியிருந்தது. காவலுக்கு ஓர் ஆள், அவனுக்கு ஒரு குடை. வாரத்துக்கு ஒருமுறை தங்கராஜ் வந்து டேப் பிடித்து அளந்து, அது சௌக்கியமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். மாதேஸ்வரன் அதன் எதிரில் நின்று அதன் உயரத்தைப் பார்ப்பார், அகலத்தைப் பார்ப்பார். உயரமும் இல்லை, அகலமும் இல்லை. நாங்கள் அள்ளியதில் பாதிகூட இராது. இதற்கா கொடி? அவர் நெஞ்சுக்குள் பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி இருந்தது.

"அவனோட சரிவு மட்டும் சரிவாம். நம்முளுது சுத்தமாம்" என்று வீட்டில் வந்து பொருமினார்.

மனைவி அத்தாயி தோல் உரித்துக்கொண்டிருந்தாள், கையால்தான். மெஷினில் இவர் யாரையும் உட்கார விடுவதில்லை, பேட்டண்ட் வந்தபிறகுதான் என்று துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

"ஊருல எல்லாரும் அடுத்தவன் ஊட்டு நகையைப் பாத்துப் பொறாமைப்படுவாங்க" என்றாள் அத்தாயி. "நீங்க மண்ணைப் பாத்துப் படறீங்க. வெளிய சொல்லீராதீங்க, மாமா."

ஆனால் பொறாமை சும்மா இருக்க விடாது. டிசம்பர் பதினைந்தாம் தேதி வாக்கில் மாதேஸ்வரனுக்கு ஒரு யோசனை வந்தது. மண் இல்லாததால்தானே சான்று இல்லை? மண் எங்கேயும் போய்விடவில்லை, குப்பாயியின் அவரைக்காட்டில் அப்படியே கிடக்கிறது. அவர் முனியப்பனிடம் போய், வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்.

"ரோடு நல்லாத்தான இருக்குது. என்னத்துக்கு?" என்றார் முனியப்பன்.

"அள்ளின மண்ணைத் திருப்பிப் போடறதுக்குங்க."

முனியப்பன் தலையைச் சொறிந்தார். "மண்ணு உழுந்தா எடுக்கறதுக்குத்தான் வழக்கம் இருக்குது. போடறதுக்கு நம்ம பாட்டன் பூட்டன் ஒண்ணும் சொல்லலியேப்பா" என்று கையை விரித்துவிட்டார்.

ஆனால் குப்பாயி கேள்விப்பட்டதும் ஓடி வந்தாள். "எங்காட்டு மண்ணை எடுக்கறயா? நீ நல்லா இருப்பே, சாமி" என்று தன் மூன்று மகன்களையும் மண்வெட்டியோடு அனுப்பினாள். பதினேழு, பதினெட்டு இரண்டு நாளும் நல்ல பனிமூட்டம். எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. பதினெட்டாம் தேதி மத்தியான பஸ் போனதும் கடைசி வேலையைத் தொடங்கினார்கள்.

"தேதி கேட்டாங்கன்னா?" என்றாள் அத்தாயி, வேலியோரம் நின்று.

"மண்ணுல தேதி எழுதியா வெச்சிருக்குது?"

இங்கே ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மாதேஸ்வரன் வெறுமனே மண்ணைக் கொட்டவில்லை. அவர் கை வேலைக்காரன் கை. பாறையை அடியில் உருட்டி, அதன்மேல் சரளை, அதற்குமேல் ஈரச் செம்மண் என்று வரிசை வைத்தார். மேட்டில் சாய்ந்து கிடந்த ஒரு சில்வர் ஓக் மரத்தை வேரோடு இழுத்து, வேர் வானத்தைப் பார்க்கும்படி குறுக்கே கிடத்தினார். பின்னால் நகர்ந்து போய்ப் பார்த்து, ஒரு கல் செயற்கையாகத் தெரிகிறது என்று திரும்ப வந்து புரட்டிப் போட்டார். சாயங்காலம் லேசாகத் தூறி, எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது. மலை தானே செய்த சரிவைவிட இது ஒரு படி மேல். இருபதாம் தேதி தேவசிகாமணிக்குக் கடைசி நாள் என்பதை இவ்வளவு வேலைக்கு நடுவிலும் அவர் நினைக்கவே இல்லை என்று சொல்லலாம். ஆனால் சேர்வராயன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால் அவர் கோயில் பக்கமே போயிருக்க மாட்டார்.

மேல்க்காட்டுச் சரிவுக்கு இந்தப் பக்கம் நாலு நாள் முன்பே ஒரு ஜீப்பை வரவழைத்து நிறுத்தியிருந்தார்கள். இருபதாம் தேதி காலை, எட்டுப் பேர் தூக்கிக் கடத்திய மெஷினை அதில் ஏற்றி, பக்கத்தில் தேவசிகாமணி சலவைச் சட்டையோடு உட்கார்ந்து வந்தார். வளைவில் ஜீப் நின்றது. அவர் இறங்கிச் சரிவைப் பார்த்தார். தூக்கிய எட்டுப் பேரும் எஸ்டேட் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். காப்பிச் செடிக்குப் பின்னால் கூடையோடு நின்ற மாதேஸ்வரனுக்கு ஒரு மாதமாக இறங்காத சோறெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் ஜீரணமானது.

அன்று மத்தியானமே தங்கராஜ் வந்தார். மாதேஸ்வரன்தான் ஆள் அனுப்பியிருந்தார். தங்கராஜ் டேப் பிடித்தார், ஏறினார், இறங்கினார், வேரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"இருபத்திரண்டு வருஷம் சர்வீஸுங்க. இப்படி ஒரு சரிவை நானு பாத்ததில்லீங்க. இதுக்கு முன்னால ஏழாம் நம்பர் எல்லாம் குப்பைங்க."

சிவப்புக் கொடி வந்தது. தார் டின் வந்தது, அதில் 8 என்று எழுதினார்கள். குடையோடு காவலுக்கு ஆள் வந்தான். மாதேஸ்வரன் வாசலில் நின்று கொடி ஆடுவதைப் பார்த்தார். கண் கலங்கியது. "நம்ம ஊட்டுக்கு முன்னாலயும் கொடி ஏறிடுச்சு, அத்தாயி" என்றார். அத்தாயி பழம் நிறைந்த ஐந்து மூட்டையைக் காட்டி, இது இனி எப்படிக் கீழே போகும் என்று கேட்டாள். ஊராரே அள்ளிவிடலாம் என்று முனியப்பன் வந்து கேட்டதற்கு, எண் போட்ட சரிவை டிபார்ட்மெண்டைத் தவிர யார் தொட்டாலும் குற்றம் என்றான் குடைக்காரன்.

ஜனவரியில் தனிப்பிரிவிலிருந்து மாதேஸ்வரனுக்குத் தபால் வந்தது. ஏற்காட்டுக்கு நடந்துபோய் வாங்கி வந்தார். 'தங்கள் சரிவு எண் 8 பார்வையிடப்பட்ட நாள் டிசம்பர் 20. தங்கள் கெடு நவம்பர் 14. எனவே தங்கள் சரிவு முப்பத்தாறு நாள் காலதாமதமாக நிகழ்ந்துள்ளது. காலதாமதமான சரிவுகளை ஏற்க விதியில் இடமில்லை. இனிவரும் ஆண்டுகளில் அவசரநிலைகள் உரிய தேதிக்குள் நேருமாறு பார்த்துக்கொள்ள அறிவுறுத்தப்படுகிறது.'

அவர் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் தேவசிகாமணி வந்து நின்றார். கையில் ஒரு காகிதம்.

"வாங்க, ரைட்டரே" என்றாள் அத்தாயி. மாதேஸ்வரன் தலையை மட்டும் ஆட்டினார்.

தேவசிகாமணி காப்பியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். "எனக்கு ரெண்டாவது தடவை நீட்டிச்சிருக்காங்க, மாதேசு. எட்டாம் நம்பர் சரியா எங்கெடுவு அன்னிக்கு வந்துச்சுங்களா, அதனால. மண்ணு எடுத்து முடிச்சு ஒரு மாசம் வரைக்கும் டைம் உண்டுங்க." காகிதத்தை நீட்டினார். "சரிவுக்குப் பக்கத்து ஊட்டுக்காரர் ஒருத்தர் கையெழுத்துப் போடோணுமாம். உங்க ஊடுதான் பக்கத்துல."

மாதேஸ்வரன் காகிதத்தை வாங்கினார். டைப் அடித்திருந்தது. 'மேற்படி சரிவு எண் 8 இயற்கையாகவே நிகழ்ந்தது என்றும், அதில் எந்த மனிதனின் முயற்சியும் கைத்திறனும் சிறிதும் இல்லை என்றும், நான் நேரில் அறிந்தவரை உறுதி கூறுகிறேன்.' கீழே ஒரு கோடு.

மாதேஸ்வரன் கோட்டைப் பார்த்தார். பாறையை உருட்டிய தோள்பட்டை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள்; கேட்டால் அரசாங்க ரோட்டை அடைத்தவன் யார் என்று வரும். குப்பாயியின் மகன்கள் மூன்று பேரும் வரிசையில் நிற்க வேண்டி வரும். போட்டால் தேவசிகாமணியின் பல்பர் மலை முழுக்க ஓடும், தேவசிகாமணியின் பெயர் போட்ட தகரத்தோடு. தன் கையால் மண் போட்டு, தன் கையாலேயே அதை அவனுக்கு எழுதியும் கொடுக்க வேண்டும். இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சலை மாதேஸ்வரன் அதுவரை கண்டதில்லை.

"ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றார் தேவசிகாமணி, வெளியே பார்த்துக்கொண்டு. "அன்னிக்கு ஜீப்புல இருந்து இறங்கிப் பாத்தப்ப கெடுவு போச்சேன்னு கூடத் தோணலீங்க. பொறாமைதானுங்க வந்துச்சு. எங்க சரிவு வெறும் மண்ணு. இது என்ன பாங்கா உழுந்திருக்குது பாருங்க, அந்த மரமும் வேரும். மனுசன் கையால செஞ்சாக்கூட இந்த வாட்டம் வராதுங்க."

மாதேஸ்வரனின் உதடு பிரிந்தது. ஒரு வருஷமாக, எத்தனையோ படி ஏறி இறங்கி, யாராவது ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்று அலைந்த சொல் அது. அதுவும் இந்த மனிதர் வாயால். நான் செய்தது என்று சொல்ல இரண்டே வார்த்தை போதும். அத்தாயி காப்பி டம்ளரை எடுக்கிற சாக்கில் நடுவில் வந்து நின்று, கணவனை ஒரு பார்வை பார்த்தாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். பேனாவை வாங்கி, கோட்டின் மேல் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே யாரும் கேட்காமலேயே, கொட்டை எழுத்தில், மாதேஸ்வரன், செம்மநத்தம் என்றும் எழுதினார். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தேவசிகாமணியிடம் நீட்டினார்.

"ஏனுங்க ரைட்டரே," என்றார், "பேரு நல்லாத் தெரியுதுங்களா?"